பனிக்கட்டிக்கு முதுகு தேய்த்தவன்

வடசீனத்து ஹார்பின் நகரில் லுவான் பாவ்சாயை முகம் பார்த்து அடையாளம் சொல்பவர்கள் குறைவு. அவனிடம் போகிறவர்கள் எல்லாரும் குப்புறப் படுத்துக்கொண்டுதான் பேசுவார்கள். குளியல் கூடத்தில் முதுகு தேய்ப்பது அவன் தொழில். வெந்நீரில் அரைமணி ஊறிய ஆளைப் பலகையில் கிடத்தி, சொரசொரப்பான தேய்ப்பு உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, பிடரியிலிருந்து இடுப்பு வரை ஒரே இழுப்பு. அழுக்கு திரிதிரியாக உருண்டு வரும். எவ்வளவு உருள்கிறதோ அவ்வளவு தேய்ப்பவனுக்குப் பெருமை. படுத்திருப்பவனுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

நான் டோங் டெலின், பனிக்கட்டி மேஸ்திரி. நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சோங்ஹுவா ஆறு உறைந்ததும் முதல் பாளத்தை வெட்டி மேலே எடுக்கிற கை இருபத்தாறு வருடமாக என்னுடையதுதான். குளிர்காலப் பனிப் பண்டிகையில் விளக்குப் போட்டு ஜொலிக்கிற கோபுரம், பாலம், கோட்டைச் சுவர் அத்தனையும் என் ஆட்கள் ஆற்றிலிருந்து இழுத்துப் போட்டவை. படம் வரைந்த பொறியாளர்களின் பெயர்கள் பலகையில் இருக்கும், இருக்கட்டும். ஆற்றின் மேல் நடந்து, காலடிச் சத்தத்தை வைத்தே பனியின் கனத்தைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். நான் சொல்வேன். ஒரு விரல் கனம்கூடத் தப்பாது.

லுவான் டிசம்பர் மாதக் காலைகளில் என் குழுவில் பாளம் இழுப்பான். பிற்பகல் இரண்டு மணிக்குக் குளியல் கூடம். பதினெட்டு வருடம் இப்படியே போயிற்று. அவனுக்கு ஆசை எல்லாம் உளியின் மேல். ஆனால் எங்கள் பண்டிகையில் இழுக்கிறவன் இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். செதுக்குகிறவர்கள் வேறு ஆட்கள், படித்தவர்கள். லுவான் ஓரத்தில் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி, சமையல் கத்தியால் வாத்து செய்வான், முட்டைக்கோஸ் செய்வான். ஒருமுறை என் மூக்கைச் செதுக்கி என் தேநீர்க் குடுவையின் மேல் வைத்திருந்தான். அச்சு அசலாக இருந்ததால் திட்ட முடியவில்லை.

அவனுக்கு ஐம்பத்தொரு வயதானபோது ஓர் அறிவிப்பு வந்தது. பண்டிகையின் கடைசி வாரம் பொதுமக்களுக்குப் போட்டி. ஒரு குழுவுக்கு இரண்டு பேர், ஒரு பாளம், இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு நடுவர்கள் வருவார்கள். முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்கு அடுத்த குளிர்காலத்தில் செதுக்கும் குழுவிலேயே வேலை. அதைப் படித்துவிட்டு லுவான் நேராக என் வீட்டுக்கு வந்தான். பின்னாலேயே அவன் மனைவி ஃபெங்ஜியும் வந்தாள். பண்டிகை நடக்கும் பூங்கா வாசலில் உறைந்த பேரிக்காய் விற்பவள். நாக்கும் அந்தப் பேரிக்காய் மாதிரிதான், கடித்தால் பல் கூசும்.

"அண்ணே, ரெண்டு பேர் வேணுமாம். நீங்க பக்கத்துல சும்மா நின்னாப் போதும்," என்றான் லுவான்.

"நான் எங்கயும் சும்மா நின்னதில்லடா."

"அதான் எனக்கும் பயம்," என்றாள் ஃபெங்ஜி.

நான் பாயும் குதிரை செதுக்கலாம் என்றேன். லுவான் தலையாட்டி மறுத்தான்.

"குதிரையத் தொட்டதே இல்லண்ணே. முதுகு தெரியும். ஒருத்தன் தேய்க்கிறான், ஒருத்தன் படுத்திருக்கான். அவ்வளவுதான்."

படுத்திருப்பவனை யார் நின்று பார்ப்பார்கள்? உட்கார வை என்றேன். முதுகு தெற்குப் பாதையைப் பார்க்கட்டும், வருகிறவர்கள் கண்ணில் அதுதான் முதலில் பட வேண்டும். அதற்கு உயரம் போதவில்லை என்று, போட்டியின் முதல் நாள் பூங்காவில் பாளத்தைக் கம்பியால் நெம்பி, பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்தினேன்.

லுவான் கையுறையைக் கழற்றி, பனியைத் தடவிப் பார்த்தான். "அண்ணே, ஆத்துல மேல இருந்தது இங்கயும் மேலதான இருக்கணும்? இப்ப மேல்பக்கம் தெற்கப் பாத்து நிக்குது."

அவன் சொன்னது சரிதான். ஆற்றுப் பனி மேலிருந்து கீழே இழை இழையாக வளர்வது. நட்டமாக நிற்க வேண்டிய இழையைப் படுக்கப் போட்டு, நுனியை வெயிலுக்குக் காட்டினால், சூடு ஒவ்வொரு இழைக்கும் நடுவே புகுந்துவிடும். எனக்குத் தெரியாததா?

"எனக்குப் பனியப் பத்திச் சொல்றியா? ராத்திரிக்கு சைபருக்கு இருபது டிகிரி கீழ போகுது. வெயிலாவது ஒண்ணாவது," என்றேன்.

அவன் உளியை எடுத்துக்கொண்டான். இரண்டு நாள் செதுக்கினான். நான் ரம்பம் பிடித்தேன், கழிவைத் தள்ளினேன், வேடிக்கை பார்ப்பவர்களுக்கு விளக்கம் சொன்னேன். தொந்தி வைத்த வாடிக்கையாளர் பலகையில் உட்கார்ந்திருக்க, தேய்ப்பவன் ஒரு காலை முன்வைத்து, கையை அவர் முதுகில் பதித்திருந்தான். முதுகு கண்ணாடி மாதிரி இருந்தது. சதை மடிப்புகூட உண்மையான சதை மாதிரியே மடிந்திருந்தது. முதல் பரிசு எங்களுக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை நான் எழுந்தபோதே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெற்குக் காற்று. பிப்ரவரிக் கடைசியில் அப்படி ஒரு வெயிலை நான் கண்டதில்லை. பூங்காவுக்குப் போனால் லுவான் ஏற்கெனவே அங்கே நிற்கிறான். வாடிக்கையாளரின் முதுகு முழுவதும் வெளுத்து, வடித்த சோறு மாதிரி உப்பியிருந்தது. தொட்டால் ஊசி ஊசியாக உதிர்ந்தது. பக்கத்துக் குழுவின் கொக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பாளத்தை ஆற்றில் கிடந்தபடியே வைத்திருந்தார்கள்.

மணி பத்தேகால்.

"தண்ணி ஊத்தி உறைய வெச்சாப் போச்சு," என்று சொல்லி ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றினேன். அந்த வெயிலில் எங்கே உறையும்? முதுகு வழியாக ஓடி, பலகையில் குளமாகத் தேங்கியது. இன்னும் நாலு ஊசி உதிர்ந்ததுதான் மிச்சம்.

"இன்னொரு வாளி ஊத்துங்கண்ணே. மீன் வளக்கலாம்," என்றாள் ஃபெங்ஜி. சிரிக்கத்தான் சொன்னாள், ஆனால் அவள் கண் கணவன் மேலேயே இருந்தது.

லுவான் அந்த முதுகில் உதிர்ந்ததை விரலால் உருட்டிப் பார்த்தான். பிறகு கோட்டுப் பைக்குள் கைவிட்டான். பிற்பகல் வேலைக்குப் போக வேண்டுமே, தேய்ப்பு உறை எப்போதும் அவனிடம் இருக்கும். மாட்டிக்கொண்டான். ஒரு காலை முன்வைத்து, பிடரியில் கையை வைத்து, ஒரே இழுப்பு.

இற்றுப்போன பனி திரிதிரியாக உருண்டு இறங்கியது. சாம்பல் வெள்ளையில், சுண்டுவிரல் நீளத்தில், குளியல் கூடத்தில் இறங்குவது போலவே. அடுத்த இழுப்பில் அடியிலிருந்த கெட்டிப் பனி பளபளவென்று தெரிந்தது. நான் அவசரமாகத் துடைப்பத்தை எடுத்து, உதிர்ந்ததைக் கூட்டப் போனேன்.

"விடுங்கண்ணே. அதத் தொடாதீங்க."

பதினெட்டு வருடத்தில் அவன் எனக்கு இட்ட முதல் கட்டளை அது. துடைப்பத்தைக் கீழே வைத்தேன்.

பாதி முதுகு தேய்த்து முடிந்தபோது நடுவர்கள் வந்துவிட்டார்கள். மூன்று பேர். முன்னால் வந்தவர் மெங் அம்மா, கலைக் கல்லூரி ஆசிரியை, சிரித்து யாரும் பார்த்திராதவர். பனியில் ஒருவன் தேய்த்துக்கொண்டிருக்கிறான், அவன் பக்கத்திலேயே அதே நிலையில், அதே தோள் சாய்வில் உயிருள்ளவன் ஒருவன் தேய்த்துக்கொண்டிருக்கிறான், பாதி முதுகு பளிச்சென்று, பாதி முதுகு அழுக்காக, இடுப்பைச் சுற்றி உருண்ட அழுக்குக் குவியல். மெங் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இவரு குளிச்சு எவ்வளவு நாளாச்சு?"

லுவான் திரும்பாமலே சொன்னான். "மாசக்கணக்கா ஆத்துலயேதாங்க கிடந்தாரு. குளிக்கத்தான் தோணல."

கூட்டத்தில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். மெங் அம்மாவின் உதடும் அசைந்தது. ஆனால் அவருக்குப் பனி தெரியும். குனிந்து ஒரு திரியை எடுத்து நசுக்கினார்.

"இது பாளத்தத் தப்பா நிறுத்தினா வர்ற பொடி. யார் நிறுத்தினது?"

எனக்குக் காது சுட்டது.

"எங்க மேஸ்திரிதாங்க," என்றான் லுவான். "அழுக்கு உருளணும்னா இழை வெயிலப் பாக்கணும்னு கணக்குப் போட்டு நிறுத்தினாரு."

மெங் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா?"

"இருபத்தாறு வருஷ அனுபவம்," என்றேன். அது பொய்யில்லை.

மிச்ச முதுகையும் தேய்க்கட்டும் என்று நின்று முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் நகர்ந்தார்கள். பிற்பகல் ஒலிபெருக்கியில் மூன்றாம் பரிசுக்கு லுவான் பெயரை வாசித்தபோது, ஃபெங்ஜி ஒரு பேரிக்காயை என் கையில் திணித்து, "நல்லா நிறுத்தினீங்கண்ணே," என்றாள். அதில் எவ்வளவு பாராட்டு, எவ்வளவு குத்தல் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. சாப்பிட்டேன்.

அடுத்த குளிர்காலத்திலிருந்து லுவான் காலையில் உளி பிடிக்கிறான், பிற்பகலில் உறை மாட்டுகிறான். இரண்டையும் விடவில்லை. எந்தப் பாளமும் ஆற்றை விட்டுப் போகும் முன் அதன் மேல்பக்கத்தில் சிவப்புச் சாயத்தில் நானே ஒரு கோடு இழுக்கிறேன். மற்ற குழுக்களும் இப்போது அப்படியே செய்கின்றன. யார் கண்டுபிடித்த முறை என்று கேட்டால், லுவான் என்னைத்தான் கை காட்டுகிறான். நான் மறுப்பதில்லை.