மூளிக்காது

பாடத்தில் இது நாலே வரி. உடம்புச் செல்லில் குரோமோசோம்கள் நாற்பத்தாறு, ஜோடி ஜோடியாக. கருமுட்டையிலும் விந்தணுவிலும் ஜோடிக்கு ஒன்றாக இருபத்துமூன்று. கரும்பலகையில் இதை எழுதும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எங்கள் வம்சத்து மங்கம்மா, இந்த நாலு வரி ஒருவருக்கும் தெரியாத காலத்தில் வாழ்ந்து தொலைத்தவள்.

கோலார் சுரங்கத்துக்கு ஆள் எடுத்தபோது குடியாத்தம் பக்கத்திலிருந்து புருஷன் ராஜப்பாவோடு வந்தாள். மூத்த பிள்ளையை அவள் அண்ணன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். ரத்தம் நிற்கவில்லை. மஞ்சள் வைத்தார்கள், சுண்ணாம்பு வைத்தார்கள், ஒன்றுக்கும் கேட்கவில்லை. மறுநாள் பிள்ளை போய்விட்டான். சின்ன வயதில் அவள் தம்பியும் பால்பல் விழுந்து இப்படித்தான் ரத்தம் கொட்டிச் செத்திருந்தான். "எங்க வூட்டு ரத்தத்துலயே இன்னாவோ கீது," என்றாள் மங்கம்மா. பாவி, சரியாகத்தான் சொன்னாள்.

அடுத்தவன் தங்கவேலு. இவனுக்குக் குத்தவே கூடாது என்று மல்லுக்கு நின்றாள்.

"இன்னாடி, தங்கம் தோண்டுறவன் புள்ள மூளிக்காதோட திரியணுமா?" என்றான் ராஜப்பா.

விசேஷத்தன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டல் வரை ஓடினாள். மயிரைப் பிடித்து இழுத்து வந்து, பிள்ளைக்குக் காது குத்தினார்கள். ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். அழுத பிள்ளை வெல்லம் கேட்டது. சுரங்கக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லைன்வீடே அவளைப் பார்த்துச் சிரித்தது. ராஜப்பா சிரிக்கவில்லை. "அப்போ மூத்தவன துன்னது உன் கண்ணுதான்டி!" என்று அறைந்தான்.

அட கடவுளே, அவளுடைய எக்ஸ் குரோமோசோம் ஜோடியில், ரத்தத்தை உறைய வைக்கும் விஷயத்தில், ஒன்று பழுது, ஒன்று நல்லது. நல்லது துணையிருந்ததால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டைக்குள் போவதோ இரண்டில் ஒன்றுதான். மூத்தவனுக்குப் பழுது போனது, தங்கவேலுவுக்கு நல்லது. ஆண்பிள்ளைக்கு அப்பன் தருவது ஒய். அது பழுதுக்கு ஈடு கொடுக்காது. பின்னால் பிறந்த மகள் வெங்கடம்மாவுக்கும் பழுதுதான் போயிருந்தது. அப்பன் தந்த நல்ல எக்ஸ் அதை மூடி வைத்திருந்தது.

வெங்கடம்மாவுக்குக் கல்யாணமாகி ஆண்பிள்ளை பிறந்தான். காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் தங்கவேலு மடிதான். மங்கம்மா மகள் காலிலேயே விழுந்தாள்.

"வேணாம்டி கண்ணு. இந்த ஒரு தபா என் பேச்ச கேளு."

"இன்னாம்மா நீ! அண்ணனுக்குக் குத்தல? நல்லாத்தான கீறாரு?"

தங்கவேலு தன் கடுக்கனைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான்.

சாயந்திரத்துக்குள் அவன் வேட்டியெல்லாம் ரத்தம். பிள்ளை பிழைக்கவில்லை. வெங்கடம்மா பெற்றவள்மேல் மண்ணை வாரித் தூற்றினாள். "வாய வச்சியே! உன் கருநாக்குதான் என் புள்ளய துன்னுடுச்சி!"

அடுத்துப் பிறந்தவனுக்கு அவள் காது குத்தவேயில்லை. ஊர் கேலி பேசியது, அவள் அசையவில்லை. அவன் மூளிக்காதோடுதான் கிழவனானான். ஆனால் வெங்கடம்மா, மங்கம்மாவைச் சாகும்வரை தன் வீட்டு வாசற்படி மிதிக்க விடவில்லை.