சிவப்பியின் பின்னங்கால்

அன்று சாயங்காலம் எங்கள் கொட்டகையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, படாளத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர், நான். டாக்டர் சிவப்பியின் பின்தொடையை அழுத்தியபோது, நாங்கள் 'மல்லாட்டை' என்று சொல்லும் வேர்க்கடலையின் காய்ந்த தோலை மிதித்தாற்போல நொறநொறவென்று ஒரு சத்தம் கேட்டது.

செய்யூர்ப் பக்கத்து எங்கள் தெருவிலேயே கொழுத்த கிடாரி சிவப்பிதான். அது கன்று போட்டுக் கறக்க ஆரம்பித்தால் என்னை மதுராந்தகத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக அப்பா சொல்லியிருந்ததால், நான் அதற்குப் புல் போடும்போதெல்லாம் என் படிப்புக்கே போடுவதாக நினைத்துக்கொள்வேன். மழைக்கு முன்னால் மாரியம்மன் கோயில் எதிரே தடுப்பூசி போட வந்தார்கள். ஊர் மாடெல்லாம் போயிற்று, எங்கள் கிழட்டுப் பசுவும் போயிற்று. சிவப்பியை மட்டும் அம்மா வைக்கோல்போருக்குப் பின்னால் கட்டிவிட்டாள்.

"அவ்ளோ பேரு நிக்கிற எடத்துக்கு இத்த இட்டுகினு போனா கண்ணு பட்டுடும்."

அந்தக் கண்ணுக்குப் பயந்துதான் அதன் பின்னங்காலில் கறுப்புக் கயிறும் கட்டியிருந்தாள். மழை விட்டுப் புல் தலைகாட்டிய ஒரு காலையில், சிவப்பி அந்தக் காலைத்தான் ஊன்ற முடியாமல் நொண்டியது. கயிறு இறுக்கிவிட்டது என்று அம்மா அதை அறுத்து விளக்கெண்ணெய் தடவினாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை, போய்ப் போய்ப் பார்த்தேன். டாக்டரைக் கூப்பிடுவதற்குள் தொடை வீங்கி, உடம்பு கொதித்து, படுத்துவிட்டது.

"சப்பை நோயிம்மா. மழைக்கு முன்ன போட்ட ஊசி இதுக்குத்தான். நல்லா தின்னு கொழுத்ததாப் பாத்துதான் புடிக்கும்," என்றார் டாக்டர். அறுத்த கயிற்றை அம்மா விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

மருந்து போட்டும் பிழைக்கவில்லை. தோலை உரிக்கக்கூடாது, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கவேண்டும், கிருமி மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும் என்று டாக்டர் சொன்னதால், அப்பா வயலோரத்து ஒற்றைப் பனைக்குக் கீழே குழி வெட்டினார். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. அதையும் சிவப்பியையும் சேர்த்து எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

இப்போது அந்த வயல் மனைகளாகிவிட்டது. போன வாரம் அங்கே ஒரு பையன் இரண்டு கன்றுகளை மேய்த்துக்கொண்டிருந்தான். மனசு கேட்காமல் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த எடம்னு காட்டுக்கா, அத்த வுட்டுட்டு மேய்ச்சிக்கிறேன்."

சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பனையும் இல்லை, வரப்பும் இல்லை. எல்லாம் ஒரே செம்மண். ஊசியாவது போட்டாயா என்று கேட்டேன்.

"நோஞ்சானுக்குப் போட்டாச்சு. இது நல்லாத்தானக்கா கீது," என்று கொழுத்த கன்றைத் தட்டிக்கொடுத்தான்.

அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவன் டாக்டருக்குப் போன் போடும்வரை நான் விடவில்லை.