நோன்பு நேரத்து வெற்றிலை

அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கும்போது அத்தா அதன் விலாவில் காதை வைத்துக் கேட்பார். இருமுகிற ஆடென்றால் எவ்வளவு இறங்கிக் கொடுத்தாலும் தொடமாட்டார். திண்டுக்கல்லில் பாதி பிரியாணிக் கடைக்கு அவர் பிடித்துக் கொடுத்த ஆடுதான் என்று எனக்கு ஒரே பெருமை. ஆனால் அவரே காலையில் இருமுகிற இருமல் தெருமுனை வரை கேட்கும்.

"ஆட்டுக்கு வெக்கிற காதை உங்க நெஞ்சுக்கும் செத்த வெச்சுப் பாருங்க" என்பார் அம்மா. அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, இதே சிகரெட்டுப் பழக்கத்தால் நெஞ்சு புண்ணாகிப் போய்ச் சேர்ந்தவர். அந்தப் பயம் அம்மாவுக்கு விடவே இல்லை. அத்தா சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுப்பார், பெட்டியில் போட்டிருக்கும் புண்ணான வாயின் படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், நோன்பு மாதம் பிறந்த அன்று, இனிமேல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. முதன்முதலாக முப்பது நோன்பும் வைப்பதென்று இறங்கியிருந்தேன். காய்ந்த வயிற்றோடு இருப்பவளுக்கு அடுத்தவர் நோன்பின் மேல் வருகிற சந்தேகம் லேசுப்பட்டதல்ல. அத்தாவின் சட்டையை மோந்து பார்த்தேன். பையைத் துழாவினேன். ஒன்றும் அகப்படாததே சந்தேகத்தைக் கூட்டியது.

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும், ஆட்டுக்குத் தழை கட்டப் போவதாகச் சொல்லிக் கொட்டிலுக்குப் போவார். நாலு ஆட்டுக்குத் தழை கட்ட அரை மணி நேரமா? ஒருநாள் பின்னாலேயே போய்த் தகரத்து இடுக்கில் கண்ணை வைத்தேன்.

புகை இல்லை. அத்தா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். பிறகு ஓரமாகத் துப்பிவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினார். மூடாத இடத்தில் சிவப்பாகத் தெரிந்தது.

சிகரெட்டைவிட மோசம்! உள்ளே பாய்ந்தேன்.

"அத்தா, நோம்போட வெத்தல போட்டீங்களா?"

திடுக்கிட்டுத் திரும்பியவர் என்னையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஆமாம்மா. ஆசையா இருந்துச்சு, போட்டுட்டேன். அம்மாட்ட மட்டும் சொல்லிராத."

அன்று நோன்பு திறக்கும்போது அவர் பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பதைப் பார்க்கவே எனக்குக் கோபமாக வந்தது. ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை அதே சிவப்பைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. ரகசியம் காப்பாற்றத் தெரிந்தவள் என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது.

பெருநாள் முடிந்து மூன்றாம் மாதம், சந்தையில் மயங்கி விழுந்த அத்தாவை மதுரைக்குக் கொண்டுபோனோம். எத்தனை நாளாகச் சளியில் ரத்தம் வருகிறது என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு வாரமாத்தான் சார்" என்றார் அம்மா.

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "இது ஒரு வாரத்துக் கதை இல்லம்மா. முன்னாடி வீட்ல யாருமே பாக்கலையா?"

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது ரத்தத்தைப் பற்றி. நான் பார்த்திருந்தது வெற்றிலைச் சாற்றைத்தான்.