பதினாலாம் பக்கத்தை எழுதியவர்

பல்கலைக்கழக நூலகத்தின் பக்கவாட்டுக் கதவருகே ஒரு கவுண்டர். உள்ளே இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், எல்லோரும் 'ஜெராக்ஸ் அக்கா' என்று கூப்பிடும் ஒரு பெண்மணி. பதினோரு வருடமாக, பிரதி எடுக்க வருவதையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். பள்ளிக்கூடத்தோடு தன் படிப்பை நிறுத்திவிட்டார்களே என்ற ஆத்திரமும் அதில் கொஞ்சம் உண்டு.

முதலாமாண்டுக்கான பாடத்தொகுப்பு ஒன்று ஒருநாள் ஒரு பேராசிரியையிடமிருந்து வந்தது. வாசிப்புப் பழக்கம் பற்றியது. அறுபது பிரதிகள் மறுநாள் காலையே வேண்டும். மெஷின் பதினாலாம் பக்கத்தை விழுங்கிச் சக்கையாகத் துப்பியது. அக்காவுக்கு முன்னால் அங்கே இருந்தவர் ஒரே ஒரு பக்கத்தைத் தொலைத்ததற்காகக் கவுண்டரையே தொலைத்தவர். அக்கா பேராசிரியைக்கு நான்கு முறை போன் போட்டார். எடுக்கவில்லை.

நாமே எழுதினால் என்ன என்று தோன்றியது. இத்தனை வருடம் படித்ததில் அந்த நடை கைவந்திருந்தது. "நின்றுகொண்டு படிப்பவர்களுக்கு முப்பத்தேழு விழுக்காடு கூடுதலாக நினைவில் தங்குகிறது என ஆய்வுகள் கூறுகின்றன" என்று ஆரம்பித்து ஒரு பக்கத்தை அளந்துவிட்டார். எந்த ஆய்வு என்று கடவுளுக்கே தெரியாது. முடிவில் ஓர் அடிக்குறிப்பு எண்ணும் போட்டார். அடியில் குறிப்புதான் இல்லை.

ஒரே வாரத்தில் நூலகத்தில் நாற்காலிகள் காலியாகிவிட்டன. பிள்ளைகள் சுவரில் சாய்ந்து நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று முதலில் பயந்த அக்கா, ஒருத்தராவது கேட்கமாட்டார்களா என்று அப்புறம் ஏங்கவே ஆரம்பித்துவிட்டார். தேர்வில் பதினாலாம் பக்கத்திலிருந்து கட்டாயம் கேள்வி வரும் என்று பேராசிரியை அறிவித்தார். அவரும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை போலிருக்கிறது.

இதுவரை வேடிக்கைதான். ஆனால் அந்த அறுபது பேரில் ஒருத்தி அக்காவின் சொந்த மகள். தேர்வுக்கு முந்தின மாலை அவளும் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"கால் வலிக்கலையாடி?"

"வலிக்குதும்மா. ஆனா ஆய்வு சொல்லுதே."

"யாரு பண்ண ஆய்வு?"

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா, விடு."

அது சுருக்கென்று தைத்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"அத எழுதினதே நான்தாண்டி."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீயா? அடிக்குறிப்பெல்லாம் இருக்கும்மா!"

"அடியில என்ன குறிப்பு இருக்குன்னு பாரேன்."

பார்த்தாள். புரட்டினாள். மறுபடி பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, நீதான் எழுதினேன்னு மட்டும் நான் எப்படி நம்பறது? ஆதாரம் காட்டு."

அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் மனசுதான் நிறைந்துபோனது. போனில் தன் வரைவுகளைத் திறந்து நீட்டினார். முதல் வரைவில் நாற்பது விழுக்காடு. அடுத்ததில் முப்பத்தெட்டு. நம்பும்படியாக இருக்கட்டும் என்று கடைசியில் முப்பத்தேழு.

மகள் தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். "அப்ப நாளைக்கு நான் இது பொய்னுதானேம்மா எழுதணும்? எப்படித் தெரியும்னு மேடம் கேப்பாங்களே. உன் கவுண்டர் போயிடும்."

பதினோரு வருடம். அக்கா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பதினாலாம் பக்கத்தை எழுதியது தான்தான் என்று நான்கு வரி எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார்.

"இந்தா, விடைத்தாளோட சேத்துக் கட்டு. ஆதாரம் இல்லாம எழுதிட்டு வந்து நிக்காத."