இஞ்சுரி என்றால் லீவு

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு சித்தி வாசலில் நின்று, "எஸ் சார், எஸ் சார்" என்று சொன்னது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சித்தப்பா துபாயில் கட்டட வேலையில் இருந்தார். பேசியவர் கம்பெனி ஆள், பேசியது ஆங்கிலம். எட்டாவது வரை படித்திருந்த சித்திக்கு, அவ்வளவு பேச்சிலும் சித்தப்பாவின் பெயருக்கு அடுத்துப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான். அடுத்த வீடான எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, "அவருக்கு இஞ்சுரியாம்" என்றாள்.

அந்தச் சொல் அவளுக்குச் சித்தப்பா மூலம் வந்தது. முந்தைய ஆண்டு அவர் விரல் நசுங்கியபோது, "சின்ன இஞ்சுரிதான், பயப்படாத" என்று போனில் சொன்னார். கம்பெனியே டிக்கெட் போட்டு அனுப்ப, கட்டுப் போட்ட கையோடு வந்து இரண்டு மாதம் இருந்தார். கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்தாற்போல் அதிகம் இருந்தது அப்போதுதான். சித்தி அவருக்குச் சோறு ஊட்டிவிடுவாள். அவளைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்குக் காயம் என்பது பாதி அர்த்தம். மீதி, வீட்டுக்கு வருவது.

அன்றும் கொஞ்சம் அழுதாள். பிறகு அம்மாவிடம், "இஞ்சுரின்னா லீவு குடுத்துருவாங்கக்கா" என்றபோது முகத்தில் வந்த சிரிப்பை அவளால் மறைக்க முடியவில்லை. மறுநாள் நடவுக்குப் போகவில்லை. போர்வைகளைத் துவைத்தாள். திருக்காட்டுப்பள்ளிக்குப் போய்ப் புதுத் தலையணை வாங்கிவந்தாள். காயம் ஆற விரால்தான் நல்லது என்று மீன்காரரிடம் சொல்லிவைத்தாள்.

அன்று மதியம், சித்தப்பாவோடு வேலை பார்த்த நண்பர் அப்பாவை அழைத்தார். சாரம் சரிந்து, சித்தப்பா அந்த இடத்திலேயே இறந்துபோயிருந்தார். சித்தி வீட்டுக்குத் தனியாகப் போக அப்பாவுக்குக் கால் வரவில்லை. அம்மாவும் நானும் கூடப் போனோம். எங்களைப் பார்த்ததும் சித்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "டிக்கெட் போட்டுட்டாங்களா மாமா?"

பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். "காயம் எங்கன்னாவது காட்டுங்க" என்று மூடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். யாரும் காட்டவில்லை. ஜெபம் முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போனோம்.

வெகுநாள் கழித்து, கல்லூரியிலிருந்து வந்திருந்த என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அன்னைக்குப் போன்ல அந்தக் கம்பெனிக்காரரு இஞ்சுரிக்கு முன்னாடி இன்னொரு வார்த்தை சொன்னாருடி. ஃபேட்டல்னு. அப்புடின்னா என்ன?"

"உயிரை எடுக்குறதுன்னு அர்த்தம், சித்தி."

 "அப்ப அவரு சரியாத்தான் சொல்லிருக்காரு" என்றாள்.

போன மாதம் வரப்பில் புல் அறுக்கும்போது அரிவாள் பட்டு அவள் காலில் வெட்டு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். நர்ஸ் கட்டைப் பிரித்துக்கொண்டே, "இஞ்சுரி எப்புடிம்மா ஆச்சு?" என்று கேட்டார். சித்தி சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"இஞ்சுரியெல்லாம் இல்லம்மா. அரிவா பட்ட காயம், அவ்வளவுதான்."