மொட்டை போட வளர்த்த முடி

அண்ணே!

இப்படித்தான் கூப்பிடுவேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் "என்னட்டி, வீடு இடிஞ்சிட்டா?" என்று பதில் வரும். இப்போதும் வாய் தன்னால் கூப்பிட்டுவிடுகிறது. கூப்பிட்ட பிறகுதான் அவன் இல்லை என்பது உறைக்கிறது.

அண்ணன் போன ஆடியில் இறந்துபோனான். அழுவதைவிட அவனைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசையாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்து முன்னே பின்னே இருக்கும்.

அண்ணன் தென்காசியில் இருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகிற பஸ்ஸில் கண்டக்டர். அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே தவறிவிட்டார். வீட்டில் அம்மா, அண்ணன், நான், அவ்வளவுதான். அண்ணனுக்குக் கரடி மாதிரி முடி. எண்ணெய் வைத்தாலும் படியாது. குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நின்று அந்தத் தலையைச் சிலுப்பினான் என்றால் பக்கத்தில் குளிக்கிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள்.

அவனுக்கு ஒரு வருஷம் டைஃபாய்டு வந்தது. பிழைப்பான் என்று டாக்டரே சொல்லவில்லை. அம்மா ஈரச் சேலையோடு இலஞ்சிக்கு நடந்து போய் முருகன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டாள். "எம் பிள்ளையைக் குடுத்திரு, அவன் தலைமுடி முழுசும் உனக்கு."

காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்தான், எழுந்து நடந்தான். மொட்டை போட நாள் பார்க்கிறதுக்குள்ளே முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. தலையணை எல்லாம் முடி. காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவதுதான், முளைத்துவிடும் என்றார்கள். முளைக்கவும் செய்தது. ஆனால் அங்கங்கே வட்டம் வட்டமாக வழவழவென்று நின்றுவிட்டது. புழுவெட்டு. பின்மண்டையில் ஒன்று, காதுக்கு மேலே ஒன்று, உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று.

"இருக்கதை சிரைச்சுக் குடுத்திருவோம்மா, சாமி ஒண்ணும் சொல்லாது" என்றான் அண்ணன்.

அம்மா விடவில்லை. "முழுத்தேங்காய் உடைக்கேன்னு சொல்லிட்டு அரைமூடித் தேங்காயைக் கொண்டு போவாவளால? முழுசும்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கேன். முழுசா வளரட்டும்."

அம்மாவுக்கு அது விளையாட்டு இல்லை. சாமி அவள் பிள்ளையைத் தந்துவிட்டது, அவள் பதிலுக்குத் தரவில்லை. அவனுக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், அம்மா இலஞ்சிப் பக்கம் பார்த்துக் கும்பிடுவாள். தந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமோ என்கிற பயம்.

தினமும் உள்ளியை, அதுதான் சின்ன வெங்காயத்தை, நறுக்கி அவன் தலையில் வைத்துத் தேய்த்தாள். அதற்கு மேல் காக்கித் தொப்பியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவான். டிரைவர் அண்ணாச்சி சும்மா விடுவாரா? "ஏலே, ஒன் தொப்பிக்குள்ள சாம்பார் கொதிக்குதுல. பிரயாணி எல்லாம் இலை கேக்கான்." அண்ணனும் சிரிப்பான். ஆனால் அருவிக்குப் போவதை நிறுத்திவிட்டான். குளிக்கத் தொப்பியைக் கழற்ற வேண்டுமே. தினமும் குற்றாலத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவன், வீட்டில் வாளித் தண்ணீரில் குளித்தான்.

ஒரு சாரல் நாளில் படியில் தொங்கிக்கொண்டு விசில் கொடுக்கும்போது தொப்பி காற்றில் பறந்துவிட்டது. அருவிக்குக் குளிக்க வந்த ஒரு டாக்டர் பஸ்ஸில் இருந்தார். மலைக்கு அந்தப்பக்கம் கொல்லத்துக்காரர். தலையைப் பார்த்துவிட்டு, இதற்குப் புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, தலைத்தோலிலேயே ஊசி போட வேண்டும், வா என்றாராம்.

அண்ணனுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். தனியாக அனுப்பினால் பாதி வழியில் புனலூரில் இறங்கித் திரும்பிவிடுவான் என்று அம்மா என்னைக் கூட அனுப்பினாள். ரயிலில் போனோம். குகைக்குள் ரயில் நுழையும்போதெல்லாம், "ஏட்டி, இருட்டிலே என் கையைப் பிடிச்சுக்கோ, நீ பயந்திருவே" என்பான். அவன் கைதான் வேர்த்திருக்கும்.

டாக்டர் வீட்டிலேயே ஆஸ்பத்திரி. அண்ணனை ஸ்டூலில் உட்கார வைத்து, தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஸ்பிரிட் துடைத்தார். மெல்லிய ஊசி. வழுக்கை வட்டத்துக்குள்ளே இங்கே கொஞ்சம், தள்ளி அங்கே கொஞ்சம் என்று குத்திக்கொண்டே போனார். குத்தின இடமெல்லாம் மிளகு மாதிரி வீங்கியது. "அனங்கல்லே, அனங்கல்லே" என்றார். அசையாதே என்று அர்த்தம். அண்ணன் அசையவில்லை. வாய்தான் அசைந்தது. ஒவ்வொரு குத்துக்கும் பஸ் ஸ்டாப் சொன்னான்.

"அம்மா... மேலகரம்! ஆத்தீ... குத்தாலம், குத்தாலம்! ஏ முருகா... செங்கோட்டை, கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் எறங்குங்க! டாக்டர் சார், எறங்கச் சொல்லுதேன்லா!"

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கல்யாணம் நிச்சயிச்சோ? அதுக்கா முடிக்கு இத்தர அவசரம்?" என்று கேட்டார்.

"கல்யாணம் இல்ல சார். மொட்டை போடணும்."

அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். "மொட்டை அடிக்கவா எங்கிட்டே வந்நது? அதுக்கு பார்பர் மதியல்லோ!" பார்பர் போதுமே என்கிறார்.

நான்தான் அம்மாவின் வேண்டுதலை எடுத்துச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி. சாமி காரியமாணு. நல்லோணம் செய்யாம்", நன்றாகவே செய்கிறேன் என்று மறுபடி ஊசியை எடுத்தார். முளைக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது, சிலருக்குத் தானாகவும் முளைக்கும், ஊசி போட்டும் முளைக்காதவர்களும் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். வெளிநாட்டில் ஆபரேஷன் செய்வதைப் பற்றியும் சொன்னார். பின்மண்டையில் இருந்து தோலோடு முடியைக் குடைந்து எடுத்து முன்னால் பதிக்கிறார்களாம். அது வேறு மாதிரி வழுக்கைக்கு, இவனுக்குச் சரிப்படாது என்றார்.

அண்ணன் இதை அம்மாவிடம் அளந்தான். "நாத்து நடுத மாதிரி நடுதாவளாம்மா."

அம்மா யோசித்தாள். "நாத்து நட்டாலும் அறுக்கத்தானே செய்யுதோம். நமக்கும் அறுக்கத்தானே வேணும். கேட்டுப் பாரேன்."

"தோலைக் குடைஞ்சுல்லா எடுப்பாவ!"

"ஐயய்யோ, வேண்டாம்ல, வேண்டாம்!"

மாதா மாதம் போனோம். நான் தலையைப் பிடிப்பேன், அவன் ஸ்டாப் சொல்லுவான். ஒரு தடவை நான் அழுதுவிட்டேன். அவன் தலை என் கைக்குள் நடுங்கியது. குத்து வாங்கினவன் எனக்கு ஸ்டேஷனில் வாழைப்பழத்தில் போடுகிற பழம்பொரி வாங்கித் தந்து, "நீதானட்டி பாவம், உக்காரக்கூட முடியலை" என்றான்.

முடி வந்தது. ஊசி குத்தின இடத்தில் மட்டும் குத்துக் குத்தாக வந்தது, அதுவும் வெள்ளை வெளேரென்று. டிரைவர் அண்ணாச்சி தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏலே மாப்ளே, ஒரே தலையில அப்பனும் மவனும் குடியிருக்காவளே" என்றார். அம்மாவுக்கு அடுத்த கவலை. நேர்ந்தது கறுப்பு முடி, நரையைக் கொடுக்கலாமா? டாக்டர், முதலில் அப்படித்தான் வரும், பொறு என்றார். பொறுத்தோம். குத்துக் குத்தாக இருந்தது பரவியது. வெள்ளை ஒவ்வொன்றாகக் கறுத்தது. ஒரு நாள் நான் விரலால் துழாவிப் பார்க்கிறேன், வட்டம் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

அம்மா இலஞ்சிக்குப் போய் நாள் குறித்துவிட்டு வந்தாள். அந்த வாரமே சாரல் பிடித்துக்கொண்டது. அண்ணன் டூட்டி முடிந்து வரும்போது அருவிக்குப் போய்விட்டான். வீட்டுக்குள் நுழைந்து பழையபடி தலையைச் சிலுப்பினான். அடுப்பில் எல்லாம் தண்ணீர். நான் திட்டினேன். அம்மா திட்டவில்லை. அவனை உட்கார வைத்துத் துண்டால் துவட்டினாள். துவட்டி முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. விரலை முடிக்குள் விட்டு அளைந்துகொண்டே இருந்தாள்.

"இந்த சீசன் முடியட்டும்ல" என்றாள். "ஆசைக்குக் குளிச்சுக்கோ. ஆவணியில குடுத்துக்கிடலாம். சாமி எங்க போகப் போறாரு?"

"நெசமாவா சொல்லுதே?" என்று அண்ணன் கேட்டான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து தினமும் ஈரத்தலையோடுதான் வந்தான். நானும் அம்மாவும் அவனை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வருஷக்கணக்காகி இருந்தது.

ஆடி நடுவில் கண் மஞ்சளாகியது. காமாலை. கீழாநெல்லி கொடுத்தோம், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நினைவு தப்பியது, திரும்பவில்லை.

குளிப்பாட்டும்போது சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெய் தொட்டு வைத்தார்கள். அம்மா வைக்கும்போது அந்த முடியில் கையை வைத்தவள், எடுக்க மாட்டேன் என்றாள். "எல்லாம் இருக்கே, முழுசா இருக்கே, நான் குடுக்கலையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்தான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

அம்மா இப்போது இலஞ்சிக்குப் போவதில்லை. "வேற யாரு முடியும் அவன் முடி ஆவாது. எந்த முகத்தோட போயி கேக்க?" என்கிறாள். நான் என் முடியைத் தருகிறேன் என்றதற்கும் அதுதான் பதில். அண்ணனுக்கு அங்கே நல்ல கதி கொடு என்று கேட்கக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. கொடுக்காதவள் கேட்கக்கூடாதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த முடிக்காக அவன் தாங்கின குத்தெல்லாம் சாமிக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் நான் சொன்னால் அம்மா கேட்க மாட்டாள்.

அதனால் நீங்கள் கேளுங்கள். இதை வாசிக்கிறவர்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, பள்ளிவாசலுக்கோ, மாதா கோயிலுக்கோ, எங்கே போனாலும் எங்கள் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். தென்காசி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பையன் என்று சொன்னால் போதும். அவன் நன்றாக இருக்கட்டும் என்று கேளுங்கள். எங்கள் அம்மாவுக்கும் சேர்த்து.