பைலா என்று கேட்ட பிறகு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாடு விட்டு வந்த புதிதில், பார்க்டேலில் இருந்தோம். எனக்கு நகரத்தின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் பிஸ்கட் பொதி செய்யும் வேலை. நான்கு வயது மகளைக் கீழ்வீட்டுப் போர்த்துக்கீசப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் போவேன். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. எனக்கும் அப்படித்தான்.

அன்று காலை பிள்ளைக்கு உடம்பு கணகணவென்றிருந்தது. லீவு கேட்கப் பயந்து வேலைக்கு வந்துவிட்டேன். மத்தியானம் கீழ்வீட்டுக்குக் கோல் எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். ஆண்கள் சிரிக்கிறார்கள், அக்கோடியன் கேட்கிறது. அந்தப் பெண் படபடவென்று தன் பாஷையில் என்னவோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான்: "பைலா." பிறகு லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மட்டக்களப்பில் எங்கள் ஒழுங்கையில் போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணம் என்றால் பைலாப் பாட்டுத்தான். பாட்டு தொடங்கியதும் அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவா. சாராயம் வரும், பிறகு சண்டை வரும் என்பா.

பக்கத்தில் நின்று பொதி கட்டுகிறவள் குராசோ தீவுக்காரி. என் முகத்தைப் பார்த்து விசாரித்தாள். சொன்னேன்.

"பைலா எண்டால் ஆடுறது. ஸ்பானிஷில பைலார், எங்கட தீவுக் கிரியோல் பாஷையில பாலியா. உன்ர மகள் ஆடுறாள் எண்டு சொல்லியிருப்பா."

"காய்ச்சல்காரப் பிள்ளை எப்பிடி ஆடும்?"

அவள் என் கையிலிருந்த பொதியை வாங்கிக்கொண்டாள். "நீ போ. சூப்பர்வைசருக்கு நான் சொல்லுறன்."

பனிக்குள் பஸ் ஊர்ந்தது. ஸ்ட்ரீட்கார் நின்று நின்று போனது. என்னவெல்லாமோ நினைத்தேன்.

கீழ்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. குசினியில் அந்தப் பெண்ணின் தம்பி அக்கோடியன் வாசிக்க, அந்தப் பெண்ணின் கணவருடைய சப்பாத்துகள் மேல் ஏறி நின்று என் மகள் ஆடிக்கொண்டிருந்தாள். மேசையில் வைன் கிளாஸ்கள். எனக்கு அதுமட்டும்தான் தெரிந்தது. பிள்ளையை இழுத்துத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். அவள் வீரிட்டு அழுதாள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை.

பின்னேரம் அந்தப் பெண் சூப்புச் சட்டியோடு வந்து வாசலில் நின்றார். பிள்ளை நன்றாக நித்திரை கொண்டது, வியர்த்தது, எழும்பியதும் ஆடக் கேட்டது என்று கையாலேயே சொல்லிக் காட்டினார். சட்டியை வாங்கிக்கொண்டேன்.

என் கணவர் வேலையால் வந்து, "ஏன் இன்னும் கோட்டோட இருக்கிறீர்?" என்று கேட்டபோதுதான் அதைக் கழற்றினேன்.